டீ வடிகட்டியும் வெள்ளை ஈயும்: தென்னந்தோப்பில் ஆறு மாத வேலைக் குறிப்பு

பைக்கை ஒரு குட்டைத் தென்னைக்குக் கீழே நிறுத்திவிட்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். ஸ்டார்ட்டரைப் போட்டு, வால்வைத் திருப்பி, சொட்டுநீர்க் குழாயில் ஓர் அடைப்பை எடுத்துவிட்டு வர அரைமணி நேரம் ஆகியிருக்கும். வந்து உட்கார்ந்தால் வேட்டி சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கைப்பிடி, பெட்ரோல் டேங்க், கண்ணாடி எல்லாம் பிசுபிசு. வெல்லப்பாகைக் கரைத்து யாரோ தெளித்துவிட்டுப் போன மாதிரி. அண்ணாந்து பார்த்தேன். அடிமட்டைகளின் கீழ்ப்பக்கம் முழுக்கப் பஞ்சு அப்பியிருந்தது. மட்டையை ஒரு தட்டுத் தட்டினேன். வெள்ளையாகப் புகைபோல எழுந்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே ஓலையில் போய் ஒட்டிக்கொண்டது.

அது 2019 தை கடைசி வாரம். அன்று ராத்திரி காய் வெட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தது ஆனி மாதம்வரை போனது. அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

தோப்பு பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற பக்கம். 3 ஏக்கர், 210 மரம். 180 நெட்டை, அப்பா வைத்தது. வீட்டை ஒட்டிய 30 மரம் சௌகாட் ஆரஞ்சு குட்டை, இளநீருக்கென்று நான் வைத்தது. நெட்டைக்கு அடியில் ஒரு ஏக்கர் அளவுக்குக் கோகோ. வெள்ளை ஈ எல்லா மரத்திலும் இருந்தது, ஆனால் குட்டையில்தான் குடியிருந்தது. நெட்டை மரம் ஓரளவு தாங்குகிறது, குட்டையும் கலப்பினமும் தாங்குவதில்லை. இதை எங்கள் பக்கம் எல்லாத் தோப்புக்காரரும் சொல்வார்கள்.

இந்தப் பூச்சி எங்களுக்குப் புதுசும் இல்லை. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. பெலிஸ் நாட்டில் எடுத்த மாதிரிகளை வைத்து 2004ல்தான் இதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். 2009ல் ஃபுளோரிடா. 2016ல் இந்தியாவில் முதன்முதலாகத் தட்டுப்பட்டது எங்கள் பொள்ளாச்சிப் பக்கமும் பக்கத்துப் பாலக்காடும். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்று முழுப்பெயர். இது மரத்தைக் கொல்வதில்லை. ஓலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, மிச்சச் சர்க்கரையைத் தேன்போலக் கழித்துக்கொண்டே இருக்கும். அது கீழ் மட்டைகளின் மேல்பக்கத்திலும் இளநீர்க் குலையிலும் கோகோ இலையிலும் விழும். விழுந்த இடத்தில் கரும்பூசணம் படரும். பூசணம் இலைக்குள் இறங்காது, மேலே கரிபோலப் படிந்து வெயிலை மறைக்கும். இளநீர் வியாபாரி குலையைத் திருப்பிப் பார்த்து, "காய் நல்லாத்தானுங்க இருக்கு, இந்தக் கரியோட கொண்டுபோனா எவன் வாங்குவான்" என்று விலையைக் குறைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. மரத்துக்கு வந்த நோவைவிட நமக்கு வந்த நோவு முதலில் தெரியும் இல்லையா.

2017ல் நான் செய்த தப்பையும் எழுதிவிட வேண்டும். மருந்துக் கடையில் போய் நின்றேன். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை எழுதிக் கொடுத்தார்கள், கூடவே இன்னொரு பாட்டில். பவர் ஸ்பிரேயர் வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் அடித்தோம். மூன்றாம் நாள் தோப்பு அவ்வளவு சுத்தம். இரண்டு வாரம் தெம்பாக இருந்தேன். ஐந்தாவது வாரம் முன்னைவிட அதிகமாக அப்பியிருந்தது. மறுபடி கடை, மறுபடி மருந்து. அந்த வருஷம் மூன்று தடவை அடித்தேன். இந்த ஈ முட்டையிலிருந்து ஈயாக வளர ஏறக்குறைய ஒரு மாதம். ஓலைக்கு அடியில், மெழுகுப் பஞ்சுக்குள்ளே இருக்கிறது பாதிக் குடும்பம். 40 அடி மரத்தில் கீழே இருந்து அடிக்கிற மருந்து அதுவரை போய்ச் சேர்வதே பெரிய பாடு. சேர்ந்த இடத்திலும் எதைக் கொன்றோம் என்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

புரியவைத்தது வேலியை ஒட்டிய மாமா தோப்பு. அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை வழக்கு ஓடுகிறது. யார் செலவு செய்வது என்று தீராமல் நாலு வருஷமாக அந்தத் தோப்பில் மருந்தும் இல்லை, உழவும் இல்லை. வாய்க்கால் கரையில் கல்வாழை தன்பாட்டுக்குக் காடாக மண்டிக் கிடக்கிறது. 2017ல் அவர் மரமும் என் மரம் மாதிரியே கருத்துத்தான் போனது. 2019 தையில் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் ஓலை பச்சையாக இருக்கிறது, இந்தப் பக்கம் கரி.

"ஏனுங் மாமா, என்ன அடிச்சீங்க?"

"அட நீ வேற மாப்ளே, தண்ணி கட்டவே ஆளில்ல. மருந்து வேற அடிக்கறனாக்கும்."

அவர் தோப்பிலிருந்து நாலு கீற்றும் என் தோப்பிலிருந்து நாலு கீற்றும் அறுத்து வந்து திண்ணையில் போட்டு, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிற 10 மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த ஒரு மத்தியானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு செய்த எல்லாமே இதிலிருந்து வந்ததுதான்.

வெறும் கண்ணுக்கு வெள்ளைப் பஞ்சாகத் தெரிவது லென்ஸில் ஒரு ஊராகத் தெரியும். முட்டையை இந்த ஈ வட்டவட்டமாகச் சுழித்து வைக்கிறது, பிள்ளை விரலால் மாவில் சுழி போட்ட மாதிரி. சுழியின் மேலே மெழுகுப் பொடி. முட்டையிலிருந்து வருகிற குஞ்சு கொஞ்ச தூரம் ஊர்ந்து, பிடித்த இடத்தில் உட்கார்ந்துவிடும். பிறகு நகராது. மூன்று தடவை தோல் கழற்றி நாலாவது நிலையில் கூட்டுப்புழு மாதிரி ஆகும். ஒரு மில்லிமீட்டர் நீள முட்டை வடிவம், முதுகில் பஞ்சு, ஓரத்தில் கண்ணாடி இழைபோல மெழுகு நூல். பெரிய ஈ இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும். சாதாரண வெள்ளை ஈயை இதன் பக்கத்தில் வைத்தால் குஞ்சு என்றுதான் நினைப்போம். இறக்கையில் ஒழுங்கில்லாத இரண்டு பழுப்புப் பட்டை. சோம்பேறி. லென்ஸை மூக்கருகே கொண்டுபோனாலும் எழுந்திருக்காது.

மகள் ஓவியம் வரைகிற மெல்லிய பிரஷ்ஷால் பஞ்சை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். என் கீற்றில் கூட்டுப்புழுக்கள் எல்லாம் வெளிர் மஞ்சள். காலியான கூடுகளின் முதுகில் ஆங்கில 'டி' எழுத்து மாதிரி ஒரு பிளவு. அது ஈ வெளியே போன வாசல். மாமா கீற்றில் பாதிக்கு மேல் கூடுகள் கருத்துக் கிடந்தன. காலிக் கூடுகளில் பிளவு இல்லை, ஊசியால் குத்தியதுபோல வட்டமாக ஓர் ஓட்டை. அதில் ஒன்று என் கண் எதிரிலேயே திறந்தது. கருத்த கூட்டின் ஒரு மூலையில் சின்னப் புள்ளி விழுந்தது. புள்ளி பெரிதானது. உள்ளிருந்து எதுவோ ஓரத்தைக் கடித்துக் கடித்து விரிக்கிறது. கால் மணி நேரம் பார்த்திருப்பேன். தலை வந்தது, உணர்கொம்பு வந்தது, பிறகு ஒரே உந்தலில் முழு உடம்பும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. ஓலை மேல் நின்று இறக்கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு பறந்துவிட்டது. லென்ஸ் இல்லாமல் பார்த்திருந்தால் தூசி என்று ஊதியிருப்பேன்.

இதுதான் என்கார்சியா குவாடெலூப்பே. ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும், அதன் புழு உள்ளிருந்தே தின்று வளரும், கூடு கருக்கும், ஈ வரவேண்டிய கூட்டிலிருந்து குளவி வரும். வேடிக்கை என்னவென்றால் இதை யாரும் தென்னைக்காகத் தருவிக்கவில்லை. 1990களில் கொய்யாவிலும் மரவள்ளியிலும் வந்து ஆட்டம்போட்ட பழைய சுருள் வெள்ளை ஈயின் பின்னாலேயே இந்தியாவுக்குள் தானாக வந்து சேர்ந்த குளவி இது. பங்காளி ஈ தென்னைக்கு வந்ததும் இதுவும் தென்னைக்கு ஏறிக்கொண்டது. பப்பாளி மாவுப்பூச்சி கதை வேறு. 2008ல் கோயம்புத்தூரில் அது முதலில் தென்பட்டபோது அதைத் தின்ன இங்கே உருப்படியாக எதுவும் இல்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் குளவியைத் தருவித்து, வளர்த்து விட்ட பிறகுதான் அடங்கியது. எங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. குளவி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2017ல் மூன்று தடவை அடித்து, பிறகும் விட்டுவிட்டு அடித்து, இந்தப் பக்கம் வந்ததையெல்லாம் நான் கொன்றிருக்கிறேன்.

அன்றைக்கு எண்ணியது: என் கீற்றில் 100 கூட்டுக்கு 7 கருப்பு. மாமா கீற்றில் 61.

இனி வேலைகள். முதலில் எண்ணிக்கைக்கு ஒரு முறை வைத்தேன். வீட்டை ஒட்டிய குட்டையில் 5 மரத்துக்கு நீலப் பெயிண்ட் வளையம். மாதம் ஒரு தடவை, ஒவ்வொன்றிலும் அடிமட்டை ஒன்றில் நடுவிலிருந்து ஒரு கீற்று. ஒரு கீற்றுக்கு 20 கூடு, மொத்தம் 100. கருப்பு எத்தனை, வெளிறியது எத்தனை. காலிக் கூட்டைச் சேர்ப்பதில்லை, பழைய கணக்கு புதுக் கணக்கோடு கலந்துவிடும். நெட்டையில் எண்ண ஆசைதான். ஏறுகிற அண்ணனைக் கேட்டேன். "காய் போடறதுக்கே நேரமில்லீங் தம்பி, பூச்சி எண்றதுக்கு ஏறச் சொல்றீங்களே" என்று சிரித்துவிட்டார். நியாயம்தான்.

அடுத்து மஞ்சள் ஒட்டுப்பொறி. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை 5 அடி நீளம், 1½ அடி அகல மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு 10 வீதம், தரையிலிருந்து 6 அடி உயரத்தில். முப்பது தாள் வெட்டினேன். எண்ணெய்க்குப் பதில் வீட்டில் இருந்த பழைய கிரீஸைத் தடவலாம் என்று முதலில் புத்தி போனது. இரண்டே நாளில் தார் ரோட்டுப் புழுதி முழுக்க அதில் ஏறி மஞ்சள் தாள் சாம்பல் தாள் ஆகிவிட்டது. வழித்து எடுக்கவும் முடியவில்லை, பத்துத் தாள் குப்பைக்குப் போனது. பிறகு விளக்கெண்ணெய். தாராளமாகத் தடவினால் வெயிலில் இளகி ஒழுகிக் கீழ் விளிம்பில் சேர்ந்துவிடும். பெயிண்ட் பிரஷ்ஷில் தொட்டு, பிழிந்து, மெல்லிசாக இழுத்தால்தான் நிற்கிறது. வாரத்துக்கு ஒரு முறை துடைத்துத் திரும்பத் தடவ வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. இரண்டு மரத்துக்கு நடுவில் திரைபோலக் கட்டிய தாளெல்லாம் மடிந்து தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது. கடைசியில் மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

பிடிப்பதென்னவோ பிடித்தது. முதல் வாரம் தாள் நரைத்தே போனது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். ஆனால் ஓலையைத் திருப்பிப் பார்த்தால் குறைந்ததாகத் தெரியவில்லை. தாளுக்கு வருவது பறக்கிற ஈ மட்டும்தானே, சுழி சுழியாக முட்டை வைத்துவிட்டுத்தான் வருகிறது. இன்னொன்று, லென்ஸைத் தாளில் வைத்தபோது ஈக்களுக்கு நடுவே தூசியாக ஒட்டிக் கிடந்தவற்றில் இறக்கை தெரிந்தது. மஞ்சளுக்குக் குளவியும் வருகிறது. உள்ளங்கை அகலத்தில் ஒன்பது எண்ணினேன். பங்குனி பிறந்ததும் குட்டைப் பகுதியில் இருந்த தாள்களைக் கழற்றிவிட்டேன், ரோட்டோர வரிசையில் மட்டும் விட்டுவைத்தேன். பொறியே வேண்டாம் என்று சொல்லவில்லை. புதுசாக வருகிறதா என்று பார்க்க அது நல்ல காவலாள். அதுவே மருந்து என்று நினைத்தால்தான் ஏமாற்றம்.

தண்ணீர் பீய்ச்சுவது இதைவிட எளிது, குட்டை மரத்துக்கு மட்டும். ஸ்பிரேயரில் மூடுபனி நாசிலைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தாரையாக வைத்துக்கொண்டு, மரத்தடியில் நின்று மேல்நோக்கி ஓலையின் அடியைக் குறிவைக்க வேண்டும். கிட்டப் போனால் கீற்று கிழியும், ஆறேழு அடி தள்ளி நின்றால் பஞ்சும் ஈயும் குஞ்சும் கழுவிக்கொண்டு வரும். ஒரு மரத்துக்கு 25 லிட்டர்வரை ஆனது. நெட்டையில் முயன்று பார்த்தேன். பாதி உயரத்திலேயே தாரை உடைந்து தூறலாகி என் தலையில்தான் விழுந்தது. தலையில் விழுந்தது தண்ணீர் மட்டும் இல்லை என்பதால் குல்லா அவசியம். இதை மாசியில் இரண்டு தடவை செய்ததோடு நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் தாரைக்கு வெளிறிய கூடு எது, கருத்த கூடு எது என்று தெரியாது.

கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி. லிட்டருக்கு 25 கிராம் கணக்கு. பத்து லிட்டருக்கு 250 கிராம் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கிளறி, பசையானதும் மீதித் தண்ணீரைச் சேர்த்து ஆறவைத்து அடிப்பது. முதல் தடவை சோம்பலில் மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினேன். கட்டி கட்டியாகி, நாசில் அடைத்து, அரைநாள் ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன். பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டியபின் ஓடியது. வெயில் காய்கிற நாளில் அடிக்க வேண்டும். காய்ந்ததும் கஞ்சி பொருக்குத் தட்டி, கரியையும் பிடித்துக்கொண்டு உரிந்து விழும். மூன்றாம் நாள் கோகோ இலையில் ஒரு மூலையை நகத்தால் எடுத்தால் கருப்புச் சவ்வு மாதிரி முழுசாக வந்தது, அடியில் இலை புதுப் பச்சை. இளநீர்க் குலையிலும் நன்றாகக் கேட்டது. இலையின் மேல்பக்கத்துக்கு மட்டும் இதை அடித்தேன். அடியில் அடித்தால் குளவிக் கூட்டையும் சேர்த்துப் பசை போட்டு ஒட்டிவிடும் என்ற பயம். கரி போனாலும் ஈ அங்கேயேதான் இருக்கிறது, அடுத்த மாதம் மறுபடி கருக்கும். கண்ணுக்கும் வியாபாரிக்கும் ஆன வைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை ஈக் குஞ்சைத் தின்கிற கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையும் வாங்கி வைத்தேன், ஏக்கருக்கு 400 கணக்கில். முட்டை ஒட்டிய அட்டையைக் கட்டின மறுநாள் பார்த்தால் அதன்மேல் எறும்பு சாரை. தேன் சொட்டுகிற மரத்தில் எறும்பு இல்லாமல் இருக்குமா, அதை யோசிக்கவே இல்லை. அந்த முயற்சி அத்தோடு முடிந்தது.

இப்போது வடிகட்டி. வழக்கமான முறை, குளவிக் கூடு உள்ள கீற்றுத் துண்டை வெட்டி வந்து, ஈ உள்ள மரத்தில் ஓலைக்கு அடியில் ஸ்டேப்ளர் போட்டு விடுவது. ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலும் இந்தக் குளவியை வளர்த்துக் கொடுக்கிறார்கள். எனக்குப் பக்கத்திலேயே மாமா தோப்பு இருந்ததால் அங்கிருந்தே எடுத்தேன். சங்கடம் ஒன்றே ஒன்று. நூற்றுக்கு 61 கருப்பு என்றால் 39 ஈ. குளவியோடு ஈயையும் நானே சுமந்து வருகிறேன். என் மரத்தில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருக்கும்போது அது பெரிய விஷயமில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஈ இரண்டரை மில்லிமீட்டர், குளவி ஒன்றுக்கும் கீழே. இரண்டுக்கும் நடுவில் ஒரு சல்லடை இருந்தால் போதுமே என்று தோன்றியது.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா. மூடியில் பெரிய வட்டம் அறுத்து, கொசுவலைத் துண்டை ஒட்டிக் கீற்றை உள்ளே போட்டு வைத்தேன். நாலு நாளில் ஈயும் குளவியும் ஒன்றாக வெளியே வந்து வீட்டுச் சுவரில் உட்கார்ந்திருந்தன. கொசுவலைக் கண் பெரிசு. அடுத்து வேட்டித் துணி. எதுவுமே வரவில்லை. அப்போதுதான் கையில் டீ டம்ளரோடு யோசித்துக்கொண்டிருந்தேன். வடிகட்டியின் கம்பிவலையை வெயிலுக்கு நேரே பிடித்தேன். கண் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அறுத்து மூடியில் ஒட்டினேன்.

"ஏனுங்க, வடிகட்டி எங்கீங்க போச்சு?"

மூடியோடு போய்க் காட்டினேன். அன்று சாயங்காலம் டீ துண்டில் வடிகட்டப்பட்டது. அடுத்த சந்தையில் ஒரு டஜன் வடிகட்டி வாங்கினேன், வீட்டுக்கென்று தனியாக இரண்டு.

வடிகட்டி வலை வேலை செய்தது. ஆனால் பாதிக் குளவிதான் வெளியேறியது, மீதி டப்பாவின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. ஒளி வருகிற பக்கம்தான் போகும், டப்பாவோ கண்ணாடிபோல எல்லாப் பக்கமும் வெளிச்சம். சுற்றிக் கருப்புத் தாள் ஒட்டி மூடியை மட்டும் திறந்துவிட்டதும் எல்லாம் வலைப்பக்கம் வந்தன. இரண்டாவது கோளாறு வியர்வை. பச்சைக் கீற்றை அடைத்தால் உள்ளே தண்ணீர் கோத்துப் பூசணம் பிடித்தது. கீற்றை அரைநாள் நிழலில் வாடவிட்டு, விரல் நீளத் துண்டாக வெட்டி, டப்பாவுக்குப் பத்துக்கு மேல் போடாமல் இருந்தால் சரியாக இருக்கிறது. மூன்றாவது எறும்பு, அது இல்லாமலா. தொங்கவிடும் கம்பியில் அந்தப் பழைய கிரீஸ். கடைசியில் அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

பங்குனி முதல் வாரத்திலிருந்து நாலு வாரம், 12 டப்பா. மூடி கீழ்ப்பக்கமாகச் சரிந்திருக்கும்படி அடிமட்டைக் காம்பில் கட்டினேன், மழைத்தண்ணீர் போகாது. வாரத்துக்கு ஒரு முறை பழைய துண்டுகளைக் கொட்டி எரித்துவிட்டு, புதுசு. உள்ளே வலைக்கடியில் செத்துக் கிடந்த ஈக்களைப் பார்க்கும்போது ஒரு அற்பத் திருப்தி. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்தப் பூச்சி இல்லாத ஊருக்குக் கீற்றையோ நாற்றையோ இப்படி எடுத்துப் போகக் கூடாது. இது தோப்பு தோப்பாகத் தாவியதே நாற்றிலும் ஓலையிலும் ஏறித்தான்.

மாமாவின் கல்வாழையையும் பார்த்தேன். இலைக்கடியில் அதே ஈ. முதலில், பூச்சிக்குச் சோறு போடுகிற செடி, வெட்டச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். லென்ஸை வைத்தால் அதிலும் கருத்த கூடு, தென்னையைவிட நெருக்கமாக. கையெட்டும் உயரத்தில் குளவி நாற்றங்கால். வாழையும் கல்வாழையும் ஊடே இருந்தால் குளவி தங்கும் என்று பல்கலைக்கழகக் குறிப்பிலும் பிறகு படித்தேன். பத்துக் கிழங்கு பெயர்த்து வந்து என் வாய்க்கால் ஓரம் வைத்தேன். அம்மா, "ஏங்கண்ணு, அப்பன் அந்தக் காட்டையெல்லாம் வெட்டி எறிஞ்சு தோப்பாக்குனாரு, நீ காசு குடுக்காத குறையா நட்டு வெக்கற" என்றார்.

கணக்கு இது. தையில் 7. மாசி முடிவில் 12. பங்குனி முடிவில் 23. சித்திரையில் 41. சித்திரையில்தான் பொறுமை சோதிக்கப்பட்டது. வெயில் ஏற ஏற ஈயும் ஏறியது, கருத்த கூடும் ஏறியது, கண்ணுக்குத் தெரிவது ஈ மட்டும். கடைக்காரர் போன் செய்து புது மருந்து வந்திருப்பதாகச் சொன்னார். நோட்டில் அந்த 41 இல்லையென்றால் போயிருப்பேன். ஆனி முதல் வாரம் 66. அப்போது ஈ பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, புதுமட்டைகள் கரியில்லாமல் வந்தன.

இதில் டப்பாவுக்கு எவ்வளவு பங்கு? வடக்கு வரிசை 6 மரத்தில் டப்பா கட்டாமல் விட்டிருந்தேன், ஒப்பிட. பங்குனியில் அங்கே 14, மற்றதில் 23. வைகாசி முடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, குளவிக்கு என் வரிசைக் கணக்கு தெரியாது. அதோடு வைகாசி முடிவில் தென்மேற்கு மழை பிடித்தது. மழை இந்த ஈயை அடித்துக் கழுவும், எந்த வருஷமும் அப்போது குறையத்தான் செய்யும். ஆக, டப்பா ஒரு மாதம் முந்திக் கொடுத்தது, அவ்வளவே சொல்ல முடியும். மருந்தை நிறுத்தியதுதான் பெரிய வேலை, அதற்குக் கருவி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆனி கடைசியில் காய் வெட்டு. ஏறுகிற அண்ணன் ஒரு நெட்டையின் அடிமட்டையை வெட்டிப் போட்டுவிட்டு மேலிருந்து சத்தம் கொடுத்தார்: "தம்பி, அந்த ஓலையத் திருப்பிப் பாருங்க. இது வேற மாதிரி இருக்குதுங்க."

திருப்பினேன். சுழி இல்லை. பறவைக் கூடு மாதிரி வட்டமாகப் பஞ்சு பின்னி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. பழைய ஈயில் பாதிகூட இல்லை. லென்ஸில் இறக்கை மேல் பெருக்கல் குறிபோலச் சாம்பல் நிறக் கோடு. கேரளத்தில் வந்திருப்பதாகச் சொன்ன கூடுகட்டும் வெள்ளை ஈ. இரண்டு கீற்றை முழுக்கத் தேடினேன், கருத்த கூடு ஒன்றுகூட இல்லை. நீலப் பெயிண்ட் டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த நெட்டைக்கும் ஒரு வளையம் போட்டுவிட்டு, நோட்டில் புதுப் பக்கத்தில் தேதியை எழுதினேன்.